ஊசியும் அவசர மாத்திரையும்: மருந்தாளுநர்களுக்கும் மருந்து ஒழுங்குமுறையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மருந்தாளுநர்களுக்கும், எடைக் குறைப்பு மருந்துகளை எழுதித் தரும் மருத்துவர்களுக்கும், மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளில் பொறுப்பில் இருப்போருக்கும்,

வணக்கம்.

மருந்தகத்தின் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகளாக நின்று வருபவள் நான். இம்மடல் ஒரு கேள்வியைப் பற்றியது. அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வரும் பெண்ணிடம் நாம் கேட்காமல் விடும் கேள்வி அது. எடைக் குறைப்பு ஊசியைத் தொடங்கும் பெண்ணிடம் நாம் சொல்லாமல் விடும் செய்தியும் அதனுடன் சேர்ந்ததே. இவ்விரு மருந்துகளும் வெவ்வேறு சீட்டுகளில், வெவ்வேறு நாட்களில், பல நேரங்களில் வெவ்வேறு கடைகளிலிருந்து வாங்கப்படுகின்றன என்றாலும், அவை சென்று சேர்வது ஒரே உடலில்தான் என்பதை நம் நடைமுறை இன்னும் கணக்கில் கொள்ளவில்லை என்பதே என் முறையீடு.

நானே செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு நாள் மாலை ஒரு பெண் வந்து அவசர மாத்திரை கேட்டார். எப்போதும் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேட்டேன்: எத்தனை மணி நேரம் ஆகிறது, கடைசி மாதவிடாய் எப்போது வந்தது, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா. மூன்றாவது கேள்விக்கு அவர் சற்றும் தயங்காமல் இல்லை என்றார். 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையைக் கொடுத்து, உடனே விழுங்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அதே பெண் ஒரு மருந்துச் சீட்டோடு வந்தார். எடைக் குறைப்புக்கான டிர்செபடைடு ஊசி, 7.5 மில்லிகிராம். அதற்கு முந்தைய நான்கு வாரங்களாக அவர் 5 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் முன்னால் 2.5. அப்படியானால், அன்று மாலை என் முன்னால் நின்றபோது, அளவு கூட்டப்பட்ட ஊசி அவர் உடலில் வேலை செய்துகொண்டிருந்தது.

அவர் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்டது மாத்திரையைப் பற்றி. அவர் போட்டுக்கொள்வது ஊசி. நான் கேட்டது சாப்பிடுவதைப் பற்றி. அவர் செய்வதோ வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் குத்திக்கொள்வது. என் கேள்விக்கு அவர் சொன்ன விடை முற்றிலும் சரியான விடை. கேள்விதான் பிழையானது. அதிலும், எடைக் குறைப்பு ஊசியைப் பலர் மருந்தாகவே நினைப்பதில்லை. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆகியவற்றின் வரிசையில் அதையும் வைத்துவிடுகிறார்கள். சிலர் வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு கடை மேசையில், பின்னால் பிறர் காத்திருக்க, ஏற்கெனவே கூச்சத்தோடு நிற்கும் ஒருவர் தானாக முன்வந்து அதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் அந்த மூன்றாவது கேள்வியை அன்றோடு மாற்றிவிட்டேன்.

இது ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதை விளக்க, அவசர மாத்திரை என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது கருவைக் கலைப்பதில்லை. கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப் போடுகிறது. ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், அந்த நாட்களுக்குள் கருமுட்டை வராமல் பார்த்துக்கொள்வதே மாத்திரையின் முழுப் பணியும். லெவோநார்ஜெஸ்ட்ரலை 72 மணி நேரத்துக்குள்ளும், மற்றோர் அவசர மாத்திரையான யூலிப்ரிஸ்டல் அசிடேட் 30 மில்லிகிராமை 120 மணி நேரத்துக்குள்ளும் எடுக்க வேண்டும் என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் அந்தக் கெடுவுக்குள்ளேயே இன்னொரு கெடு ஒளிந்திருக்கிறது. கருமுட்டையை வெளியேற்றும் லூட்டினைசிங் ஹார்மோன் உயரத் தொடங்கிவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரலால் அதைத் தடுக்க முடிவதில்லை. யூலிப்ரிஸ்டல் இன்னும் சற்றுத் தூரம் துணை வரும். அந்த ஹார்மோன் உயரத் தொடங்கிய பின்னும், உச்சத்தைத் தொடாத வரை அதனால் வேலை செய்ய முடியும். எந்தப் பெண்ணுக்கு அந்த வாயில் எப்போது மூடும் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆகவேதான் அவசர மாத்திரையில் சில மணி நேரங்களுக்குக்கூட மதிப்பு இருக்கிறது.

இனி ஊசிக்கு வருவோம். செமாகுளூட்டைடு, லிராகுளூட்டைடு, டிர்செபடைடு ஆகியவை பசியைக் குறைப்பதோடு, இரைப்பை தன் உள்ளடக்கத்தைக் குடலுக்கு அனுப்பும் வேகத்தையும் குறைக்கின்றன. விழுங்கிய மாத்திரையின் மருந்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலில் என்பதால், இரைப்பையில் தங்கினால் மாத்திரையும் காத்திருக்கத்தான் வேண்டும். எவ்வளவு காத்திருக்கிறது என்பதற்கு டிர்செபடைடின் அங்கீகரிக்கப்பட்ட மருந்துக் குறிப்பிலேயே எண்கள் இருக்கின்றன. 5 மில்லிகிராம் ஊசியை ஒரே ஒரு முறை போட்ட பிறகு, எத்தினைல் எஸ்ட்ரடையாலும் நார்ஜெஸ்டிமேட்டும் சேர்ந்த கருத்தடை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் அவற்றின் உச்ச அளவு முறையே 59 விழுக்காடும் 66 விழுக்காடும் குறைந்தது. உடலுக்குள் சென்ற மொத்த அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உச்சத்தைத் தொடும் நேரம் இரண்டரை மணி முதல் நான்கரை மணி நேரம் வரை தள்ளிப் போனது.

அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது அன்றாடக் கருத்தடை மாத்திரை. அவசர மாத்திரை அல்ல. ஆகவே அந்த எண்களை அப்படியே பெயர்த்து, அவசர மாத்திரை இத்தனை விழுக்காடு பலன் இழக்கும் என்று எவரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்கும்படி கேட்கிறேன். நார்ஜெஸ்டிமேட் உடலுக்குள் மாறும்போது உண்டாகும் பொருள்களில் லெவோநார்ஜெஸ்ட்ரலும் ஒன்று. இரண்டும் நெருங்கிய உறவு. அன்றாட மாத்திரை நாள்தோறும் விழுங்கப்படுவது. இன்றைய உச்சம் தாழ்ந்தாலும் நேற்றையதும் நாளையதும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. அப்படிப்பட்ட மாத்திரைக்கே, டிர்செபடைடு தொடங்கியபின் நான்கு வாரங்களும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் நான்கு வாரங்களும், ஆணுறை போன்ற கூடுதல் தடுப்பைப் பயன்படுத்த வேண்டும், அல்லது வாய்வழியாக அல்லாத கருத்தடைக்கு மாற வேண்டும் என்று அதே குறிப்பு அறிவுறுத்துகிறது. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் 2025 ஜூனில் இதையே பொதுமக்களுக்குத் தனி அறிவிப்பாக வெளியிட்டது. அவசர மாத்திரையோ ஒரே ஒரு முறை விழுங்கப்படுவது. நேற்றைய மாத்திரை என்று ஒன்று அதற்கு இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் வழக்கமாக இரண்டு மணி நேரத்தை ஒட்டியும், யூலிப்ரிஸ்டல் ஒரு மணி நேரத்தை ஒட்டியும் உச்சத்தைத் தொடுபவை. மணிக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு மருந்தின் பாதையில் மணிக்கணக்கான தடை விழுகிறது என்றால், அன்றாட மாத்திரைக்குக் காட்டும் எச்சரிக்கையை அவசர மாத்திரைக்குக் காட்டாமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வோம்?

எல்லா ஊசிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதும் தவறு. செமாகுளூட்டைடு ஊசியோடு எத்தினைல் எஸ்ட்ரடையாலும் லெவோநார்ஜெஸ்ட்ரலும் கலந்த அன்றாட மாத்திரையைக் கொடுத்து ஆராய்ந்தபோது, பலனைப் பாதிக்கும் அளவுக்கு எந்தக் குறைவும் காணப்படவில்லை. லிராகுளூட்டைடோடு உச்சம் 12, 13 விழுக்காடு தாழ்ந்து, ஒன்றரை மணி நேரம் தாமதமானது, அவ்வளவுதான். இதே ஊசிக் குடும்பத்தில் மூத்ததான எக்ஸனடைடின் குறிப்போ, கருத்தடை மாத்திரையை ஊசிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகவே விழுங்கிவிடச் சொல்கிறது. ஆக, எடைக் குறைப்பு ஊசி போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது எந்த ஊசி என்று அடுத்து கேட்டாக வேண்டும். பெயர் தெரியாதவர்களும் வருகிறார்கள். இணையத்திலோ அழகு நிலையத்திலோ வாங்கியவர்களுக்கு அதன் நிறம் மட்டுமே தெரிந்திருக்கிறது. அத்தகையவரை டிர்செபடைடு போடுபவராகவே கருதி நடப்பது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

நான்கு வாரம் என்ற அந்தச் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சிந்திக்க வேண்டும். கேட்பதற்கு அது சிறிய காலமாக ஒலிக்கிறது. ஆனால் டிர்செபடைடு 2.5 மில்லிகிராமில் தொடங்கி, 5, 7.5, 10, 12.5, 15 என்று ஆறு படிகளில் ஏறக்கூடிய மருந்து. ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் தங்க வேண்டும். இடைவிடாமல் கடைசிப் படி வரை ஏறும் ஒரு பெண், தொடக்கம் முதல் 24 வாரங்கள், அதாவது ஏறத்தாழ ஐந்தரை மாதங்கள், அந்த எச்சரிக்கைக் காலத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. ‘முதல் ஒரு மாதம் மட்டும் கவனமாக இருங்கள்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறிப்பை விரைவாகப் படித்தால் அப்படித்தான் மனத்தில் நிற்கும். ஆனால் அது தவறான அறிவுரை.

வாந்தியைப் பற்றி இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இரைப்பையின் வேகம் குறைவது செமாகுளூட்டைடில் கணக்கில் பெரிதாகத் தெரியாவிட்டாலும், வாந்தி தெரிகிறது. எடைக் குறைப்புக்கான 2.4 மில்லிகிராம் செமாகுளூட்டைடு ஆய்வுகளில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்குக் குமட்டலும், 30 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கும், 24 விழுக்காட்டினருக்கு வாந்தியும் இருந்தன. டிர்செபடைடில் வாந்தி இதைவிடக் குறைவு என்றாலும் அங்கும் உண்டு. அவசர மாத்திரைக்குத் தானாகவே குமட்டச் செய்யும் இயல்பு இருக்கிறது என்பதையும் இதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். மாத்திரை விழுங்கி இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு மாத்திரை எடுக்க வேண்டும் என்பது, மருந்தையும் வழிகாட்டி நெறியையும் பொறுத்து, நாம் அனைவரும் அறிந்த விதி. அந்த விதியின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அந்த நேரத்துக்குள் மாத்திரை இரைப்பையைக் கடந்திருக்கும் என்ற நம்பிக்கை. இரைப்பையே மெதுவாக இயங்கும் ஒருவருக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பொருந்தும்? நான்காவது மணி நேரத்தில் வாந்தி எடுத்து, மாத்திரையின் துணுக்கு வெளியே வந்ததைக் கண்டதாக ஒரு பெண் சொன்னால், கெடு கடந்துவிட்டது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப என் மனம் ஒப்பாது. இது என் தர்க்கம்தான், எழுதப்பட்ட நெறி அல்ல. ஆயினும் நெறி வகுப்பவர்கள் இதை ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது உடல் எடை. இங்கேதான் நம் நடைமுறையின் முரண் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. இந்த ஊசிகள் எடைக் குறைப்புக்காக அங்கீகரிக்கப்பட்டிருப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியெண் 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு; எடை சார்ந்த வேறு நோய் இருந்தால் 27 முதல். லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையின் பலன் குறையக்கூடும் என்று பிரிட்டனின் பாலியல், இனப்பெருக்க நல மருத்துவர் அமைப்பு எச்சரிப்பது குறியெண் 26ஐத் தாண்டும்போது, அல்லது எடை 70 கிலோவைத் தாண்டும்போது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: விதிப்படி ஊசி தொடங்கும் ஒவ்வொரு பெண்ணும், ஊசியின் விளைவு எதுவும் தொடங்குவதற்கு முன்பே, நாம் மிகுதியாகக் கொடுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகக்கூடிய குழுவில்தான் இருக்கிறார். 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, குறியெண் 30ஐத் தாண்டிய பெண்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் எடுத்தும் கருத்தரிக்கும் வாய்ப்பு இயல்பான எடை உள்ளவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல், தரவுகள் உறுதியான முடிவுக்குப் போதுமானவை அல்ல என்றும், எடை எதுவாயினும் மாத்திரையை எடுக்கலாம் என்றும் கூறியது. எடுக்கலாம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எடுக்காமல் இருப்பதைவிட எடுப்பது மேல். ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்கலாம் என்று அது பொருள்படாது.

இரட்டை அளவு, அதாவது 3 மில்லிகிராம், கொடுத்தால் ஈடாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சில நெறிகள் யூலிப்ரிஸ்டல் பொருந்தாத இடத்தில் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் 2022இல் வெளியான ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள பெண்களுக்கு இரட்டை அளவு கொடுத்தும் கருமுட்டை வெளியேற்றத்தைத் தள்ளிப் போடுவதில் வேறுபாடு தெரியவில்லை. யூலிப்ரிஸ்டல் இதைவிட மேலானது; எனினும் 85 கிலோ அல்லது குறியெண் 30ஐத் தாண்டினால் அதன் பலனும் குறையக்கூடும்.

இரைப்பையையும் எடையையும் இரண்டையும் பொருட்படுத்தாத வழி ஒன்று இருக்கிறது என்றால், அது காப்பர்-டி. பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் பொருத்திவிட்டால், கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. செம்பு கருப்பைக்குள்ளேயே விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. குடல் அதில் இடைத்தரகர் அல்ல. வாந்தியால் அது வெளியேறாது. அடுத்த வாரம் ஊசியின் அளவு கூடினாலும் அதற்குக் கவலை இல்லை. பொருத்தியபின் பல ஆண்டுகள் கருத்தடையாகவும் நிலைத்திருக்கும். 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட கருப்பைச் சாதனமும் அவசரக் கருத்தடையாகக் காப்பர்-டிக்குத் தாழ்ந்ததல்ல என்று 2021இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. காப்பர்-டியை மருந்தக மேசையில் கொடுக்க முடியாது, பயிற்சி பெற்றவர் வேண்டும், எல்லாப் பெண்களும் விரும்பவும் மாட்டார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே பெண்ணுக்குச் சொல்லாமல் விடுவதற்கு அவை காரணமாகா. மாத்திரையை இப்போதே கையில் கொடுத்து, விழுங்கச் செய்து, அதே மூச்சில் காப்பர்-டி பொருத்தும் இடத்துக்கும் வழி காட்டுவதே முறை. அங்கே போக முடியாமல் போனாலும் மாத்திரையாவது உள்ளே போயிருக்கும்.

தோல்வி அடைந்தால் என்ன நேர்கிறது என்பதும் இந்தப் பெண்களுக்குச் சற்று வேறாக இருக்கிறது. எடை குறையும்போது, முன்பு ஒழுங்கற்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் ஒழுங்குக்குத் திரும்புகிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களிடம் இதை மிகுதியாகக் காணலாம். ‘எனக்குக் குழந்தை தங்காது’ என்று பல ஆண்டுகளாக நம்பி வந்தவர் தன் உடல் மாறிவிட்டதை அறியாமலே இருக்கிறார். மாதவிடாய் தள்ளிப் போனால் எடை குறைவதால் என்று நினைக்கிறார். குமட்டினால் ஊசியால் என்று நினைக்கிறார். கர்ப்பத்தின் முதல் அடையாளங்கள் இரண்டையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவதால், அறிந்துகொள்வதற்குள் வாரங்கள் கடந்துவிடுகின்றன. அத்தனை வாரமும் ஊசி தொடர்கிறது. இந்த மருந்துகள் கர்ப்ப காலத்தில் பயன்படுத்தத் தக்கவை அல்ல. செமாகுளூட்டைடின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால்தான் கருத்தரிக்க விரும்புவோர் இரண்டு மாதங்கள் முன்னதாகவே அதை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். டிர்செபடைடுக்கு ஒரு மாதம் என்கிறது பிரிட்டனின் நெறி. ஆகவே அவசர மாத்திரை கொடுக்கும்போதே, உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து, மாதவிடாய் வந்தது போலத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டும். தேதியை அட்டைப் பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஊசிகள் அல்லாத எடைக் குறைப்பு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்லிஸ்டாட் கருத்தடை ஹார்மோன்களோடு நேரடியாக மோதுவதில்லை; ஆனால் அதனால் கடும் வயிற்றுப்போக்கு உண்டானால் விழுங்கிய மாத்திரை உறிஞ்சப்படாமல் போகலாம். டோபிராமேட் சேர்ந்த கூட்டு மருந்தின் வழி வேறு. டோபிராமேட் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி ஹார்மோன்களை விரைந்து சிதைக்கக்கூடியது என்பதால் கருத்தடை நெறிகளில் அது கவனிக்க வேண்டிய மருந்துகளின் வரிசையில் இருக்கிறது. கருவில் உள்ள குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவை உண்டாக்கும் ஆபத்தும் அதற்கு உண்டு. இந்த மருந்து எடுக்கும் பெண்ணுக்கு முதல் பரிந்துரை காப்பர்-டியாகவே இருக்க வேண்டும். எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் வாய்வழி மாத்திரையை நம்புவதில் இதே போன்ற தயக்கம் உண்டு.

மருந்தாளுநர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. மூன்றாவது கேள்வியை மாற்றுங்கள். ‘மாத்திரை, ஊசி, எடை குறைக்க எடுப்பது, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்; கொடுக்க மறுப்பதற்காகக் கேட்கவில்லை, எது உங்களுக்குச் சரியாக வேலை செய்யும் என்று பார்க்கத்தான்’ என்று நான் இப்போது கேட்கிறேன். இரண்டாம் பகுதி முதல் பகுதியைவிட முக்கியமானது என்பதை அனுபவத்தில் கண்டேன். அதைச் சொன்ன பிறகுதான் பலர் வாய் திறக்கிறார்கள். ஆம் என்றால் எந்த ஊசி, கடைசியாக எப்போது போட்டது, அளவு எப்போது கூடியது, இன்றைய எடை என்ன என்று கேளுங்கள். தொடங்கியபோது இருந்த எடையை அல்ல, இன்றைய எடையைக் கேளுங்கள். தனியிடம் இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். விடை எதுவாயினும், ஊசி போடுகிறார் என்ற காரணத்துக்காக ஒருவருக்குக்கூட மாத்திரையை மறுத்துவிடாதீர்கள். இந்த மடலைப் படித்து அப்படி ஒருவர் செய்தால் நான் எழுதியதற்கு நேர்மாறான தீங்கு விளைந்துவிடும்.

மாத்திரை கொடுத்து முடிந்தபின் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. அவசர மாத்திரை கருமுட்டையைத் தள்ளிப் போடுகிறதே தவிர, அந்த மாதம் முழுவதற்கும் காவல் அல்ல; அடுத்த உறவுக்கு ஆணுறை வேண்டும். யூலிப்ரிஸ்டல் எடுத்தவர் ஹார்மோன் கருத்தடையைத் தொடங்க ஐந்து நாட்கள் காத்திருக்க வேண்டும். உடனே தொடங்கினால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

மருத்துவர்களே, ஊசியைத் தொடங்கும் நாளிலேயே கருத்தடையைப் பற்றிப் பேசிவிடுங்கள். அவசரம் வந்தபின் மருந்தக மேசையில் ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பதைவிட, உங்கள் அறையில் அமைதியாக அமர்ந்து, வாய்வழி அல்லாத ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவோ எளிது. ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் மருந்துச் சீட்டிலேயே ‘நான்கு வாரம் கூடுதல் தடுப்பு’ என்று ஒரு வரி எழுதுங்கள். மணமானவரா, இல்லையா, வயது என்ன என்று பார்த்து அந்த வரியை எழுதுவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை.

ஒழுங்குமுறை அமைப்புகளில் இருப்போரே, நான் படித்துப் பார்த்த அவசர மாத்திரை உறைச்சீட்டுகளின் எச்சரிக்கைப் பட்டியலில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இருக்கிறது, வலிப்பு நோய் மருந்துகள் இருக்கின்றன, செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகைகூட இருக்கிறது. எடைக் குறைப்பு ஊசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டிர்செபடைடின் குறிப்பில் வாய்வழிக் கருத்தடை என்று பொதுவாக இருக்கிறது. அவசர மாத்திரை என்று தனியாக இல்லாததால், அது அன்றாட மாத்திரைக்கு மட்டும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். இரு உறைகளிலும் அவசரக் கருத்தடையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு வாக்கியத்தைச் சேர்க்க ஆணையிடுங்கள். 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலையும் 30 மில்லிகிராம் யூலிப்ரிஸ்டலையும் டிர்செபடைடோடு கொடுத்து, உச்சத்தை மட்டுமல்லாமல் கருமுட்டை வெளியேற்றம் தள்ளிப் போகிறதா என்பதையும் அளந்து பார்க்கும் ஆய்வை உற்பத்தியாளர்களிடம் கேளுங்கள். இதற்கு ஆயிரக்கணக்கானோர் தேவையில்லை. இரட்டை அளவு பற்றிய 2022ஆம் ஆண்டு ஆய்வும் கருமுட்டையைக் கண்காணித்தே விடை கண்டது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது அவசர மாத்திரை எடுத்தும் கருத்தரித்தவர்களைப் பதிவு செய்ய, பக்க விளைவு அறிக்கைப் படிவத்தில் இரு மருந்துகளையும் தேதிகளோடு எழுத இடம் ஒதுக்குங்கள். இப்போது அந்தச் செய்தி வரும்போது ஒரு மருந்தின் பெயரோடு மட்டுமே வருகிறது, மற்றது கேட்கப்படுவதில்லை.

ஆய்வின் முடிவு என் அச்சத்துக்கு மாறாக வந்தால் முதலில் மகிழ்பவள் நானாகத்தான் இருப்பேன். அதுவரை, என் மேசையில் ஒட்டியுள்ள தாளில் அந்த மாற்றிய கேள்வி இருக்கும். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மருந்தகப் பணியில் இருக்கும் ஒரு மருந்தாளுநர்